ஆறேகால் மணி அழைப்பு

வானிலை மையத்தில் காலை ஆறேகாலுக்குத் தொலைபேசி அடிக்கும். "அக்கா, இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா?" என்று தம்பி கேட்பான். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவள் "தாராளமா போடா" என்றாள். பிற்பகல் புயலுக்குப் பிறகு படகு மட்டும் கரை ஒதுங்கியது.

மறுநாளும் அதே நேரத்துக்கு அதே குரல் கேட்டது. அன்றிலிருந்து "வேண்டாம்டா" என்றே சொல்கிறாள். "சரிக்கா, நாளைக்குக் கேக்கறேன்" என்று வைத்துவிடுவான். அதையும் தொலைபேசி அழைப்புப் பதிவேட்டில் எழுதுவாள். அவள் விடுப்பே எடுப்பதில்லை.

இன்று பேருந்து பழுதாகி ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

"உங்க தம்பி கூப்பிட்டார் மேடம்" என்றார் புதிதாக மாற்றலாகி வந்தவர். "பதிவேட்டைப் பாத்தேன். தினமும் வேண்டாம், வேண்டாம்! தம்பி மேல அவ்வளவு பாசமா? கடல் கண்ணாடி மாதிரி இருக்கு, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன், அக்காகிட்ட கதவைத் தாழ் போட வேண்டாம்னு சொல்லுங்கன்னார்."

அவள் பதிவேட்டில் அன்றைய பதிலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மாலையில் வீட்டுக்குப் போனதும் தாழ்ப்பாளை விலக்கிவிட்டு, தலை துவட்ட உலர்ந்த துண்டு ஒன்றை வாசல் நாற்காலியில் மடித்து வைத்தாள்.