இரண்டாவது சாவி

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம்மா. ஆனா இந்தப் பூட்டு வேலை செய்யணும்."

பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருந்த சின்ன வட்டப் பூட்டைத் தொட்டுக் காட்டினார் பிழை திருத்துபவர். வீட்டில் இருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவர். அறுபத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார்.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மானிட்டருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் அந்தக் காலத்துக் குள்ளப் பெட்டி. வெள்ளையாக இருந்தது பழுப்பேறிவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் உயிரை விட்டாயிற்று. அந்த நாலு விரல் உயரத்துக்குள் இன்றைய போர்டு, இன்றைய ஃபேன், இன்றைய டிஸ்க் எல்லாம் அடங்க வேண்டுமாம்.

"புதுசாவே ஒண்ணு எடுத்துடலாமே சார்? இதுல திருகாணி ஓட்டை ஒண்ணுகூடப் பொருந்தாது. தகரத்தை வெட்டணும், அரத்தால ராவணும், மூணு நாள் வேலை."

"புதுசுல பூட்டு இல்லையே."

"பாஸ்வேர்டு போட்டுக்கலாம்."

"அது சரிப்படாதும்மா. இதுல சாவியைத் திருகினா கீபோர்டு அப்படியே செத்துடும். தலைகீழா நின்னாலும் ஒரு எழுத்து அடிக்க முடியாது!"

அதை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அப்போ யாருக்காகப் பூட்டு? உங்க வீட்டம்மாவுக்காகவா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவளுக்கும் இதுக்கும் ஆகவே ஆகாது. சக்களத்தின்னுதான் சொல்வா."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவளும் ஒரு பூட்டு மன்னனோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள்தான். போனுக்குப் பூட்டு, மேஜை டிராயருக்குப் பூட்டு, கம்ப்யூட்டருக்குப் பூட்டு. கடைசியில் எல்லாம் திறந்தபோது உள்ளே இன்னொரு குடும்பமே இருந்தது. இப்போது மூன்று வருஷமாகக் கீழே கடை, மேலே ஒற்றை அறை. மதியச் சாப்பாட்டைச் செத்த மானிட்டர்களுக்கு நடுவே நின்றபடியே விழுங்கிக்கொள்வாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அது வலிக்கத்தான் செய்தது.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பின்பக்கத் தகரத்தை வெட்டினாள். இருப்பதிலேயே குட்டையான ஃபேனைத் தேடிப் பிடித்துப் பொருத்தினாள். மூடி மூட மறுத்தது. மறுபடி கழற்றி, ஒயர்களை ஓரமாக ஒதுக்கி, மறுபடி மூடினாள். பூட்டின் ஒயருக்குப் புது போர்டில் இடமே இல்லை. கடைசியில் கீபோர்டுக்குப் போகும் ஒயரையே வெட்டி, பூட்டின் வழியாகச் சுற்றி விட்டாள்.

அவர் தினமும் போன் செய்தார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"பூட்டு?"

மூன்றாம் நாள், சோதித்துப் பார்க்கச் சாவி வேண்டும் என்றாள். கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். "பத்திரம்மா. இருக்கிறது இது ஒண்ணுதான்."

அவர் தெரு முனையைத் தாண்டியதும், அவள் சாவிக்கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று வெட்டி வாங்கினாள். முகம் தெரியாத அந்த வீட்டம்மாவின் கையில் இதை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும். என்னை மாதிரி இன்னொருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ வேண்டாம் என்று நினைத்தாள்.

மறுநாள் பகலில், மாட்டிக் கொடுக்கிற சாக்கில் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே அவர் வீட்டுக்குப் போனாள். எங்கே பார்த்தாலும் காகிதக் கட்டுகள். அவற்றின் மேல் பிரித்துப் போட்ட பிஸ்கட் பொட்டலம், ஆடை படிந்த நாலைந்து காபி டம்ளர்கள்.

அவர் சாவியைப் போட்டுத் திருகினார். கீபோர்டைத் தட்டினார். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. "அப்படியே இருக்கும்மா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதூகலித்தார். பூட்டித் திறந்து நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் பைக்குள் கையை விட்டு இரண்டாவது சாவியைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டம்மா இல்லையா சார்? கொஞ்சம் தண்ணி கேட்கலாம்னு பார்த்தேன்."

அவரே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "அவ தவறிப்போய் நாலு மாசம் ஆச்சும்மா."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். "அப்போ… யார் பார்க்கக் கூடாதுன்னு இந்தப் பூட்டு?"

"பார்க்கக் கூடாதா?" அவருக்கு முதலில் புரியவில்லை. "அய்யோ, நான் இதை ஒரு நாளும் பூட்டினதே இல்லம்மா. அவதான் பூட்டுவா. வேலையில உட்கார்ந்தா எனக்குச் சாப்பாட்டு நினைப்பே வராது. மணி ஒண்ணாச்சுன்னா வருவா. பாதி வரியில இருந்தாலும் சரி, திருகிச் சாவியை உருவிட்டுப் போய், சாப்பாடு போட்டு வச்ச என் தட்டுக்கு அடியில வச்சிடுவா. சாப்பிட்டு முடிச்சுத் தட்டை எடுத்தாத்தான் சாவி."

சிரித்தார். பிறகு பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியாயிட்டா எல்லாம் சரியாயிடும்னு இருந்தேன். பூட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்னு தோணவே இல்ல பாருங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. மெக்கானிக் பைக்குள்ளிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். இன்னொருத்திக்காக வெட்டிய சாவியைப் பூட்டில் போட்டுத் திருகி உருவினாள்.

"அந்தச் சாவியையும் இப்படிக் கொடுத்துட்டு எழுந்திரிங்க சார்" என்றாள். "தட்டு எங்க இருக்கு? ரெண்டு வேணும்."