வலது கால்

பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய ஆசிரியை முபீனா, தன் காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். "இன்னைக்குத் தனியா ஒரு சுத்து போய்ட்டு வாங்க சார். கிளம்புறப்ப வலது காலை மறந்துடாதீங்க."

அவளைவிட வயதில் மூத்த மாணவர் தேவசகாயம் கதவைச் சாத்திக்கொண்டார். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதெல்லாம் அவர் வலது காலால் அழுத்த வேண்டிய மிதியை மறப்பார். விமானம் இடப்பக்கம் ஒதுங்கும். அவள்தான் தன் பக்க மிதியை அழுத்தி நேராக்குவாள்.

மழையில் இளகிய புல்தரையில் போய் நின்றாள். விமானம் கோடு கிழித்ததுபோல் ஓடி, வழக்கமான இடத்துக்கு வெகு முன்பே எழும்பியது. தன் ஒருத்தியின் எடை குறைந்ததற்கே வானம் இத்தனை சுலபமாக வாங்கிக்கொள்கிறதா என்று அண்ணாந்தபடியே நின்றாள்.

இறங்கியதும் தேவசகாயம் அவளிடம் நடந்து வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"வலது கால் ஞாபகம் இருந்துச்சா சார்?"

"இல்ல மேடம். பயத்துல காலே அசையல. மிதி தானா உள்ள போச்சு."

முபீனா குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது ஷூ புல்லின் மேல் இருந்தது. வலது கால் கணுக்கால் வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தது.