டொராண்டோ – சென்னை

இருபத்திரண்டு மணி நாற்பது நிமிடம். டொராண்டோவிலிருந்து சென்னைக்கு வர அண்ணனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று பெரியப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார். மூன்றாவது முறையாகச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா கிடந்தாள். பெட்டி நான்கு டிகிரி காட்டியது.

"நேத்து காலையிலயும் இதையேதானடி சொன்னே. பிளேன் பின்பக்கமாப் பறக்குதா?" என்றாள் அத்தை. யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"பதின்மூவாயிரம் கிலோமீட்டர், அத்தை."

"எத்தனை ஆனாலும் சரி," என்றார் பெரியப்பா. "மகன் வந்துதான் கொள்ளி வைக்கணும். பொம்பளப் புள்ள வைக்கிற வழக்கம் நம்ம வீட்டுல இல்ல. நாளைக்கு எடுப்போம்."

நான் எழுந்து குழாயடிக்குப் போனேன். மூன்று குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கொள்ளி வைப்பவர் நிற்பதுபோல, ஈரச் சுடிதாரோடு அம்மாவின் தலைமாட்டில் வந்து நின்றேன். தண்ணீர் பெரியப்பாவின் காலடிவரை ஓடியது. அவர் நகரவில்லை.

"என்னடி கோலம் இது?" என்றார்.

எப்போதும்போல என் குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நெருப்புச் சட்டியை என்கிட்ட குடுங்க, பெரியப்பா. மனசு மாறுவான்னு ஒரு நாள் பார்த்தேன். அண்ணன் டிக்கெட்டே எடுக்கல."