பலகையைப் பார்த்துப் படி

ஒரு வீட்டின் கேட் திறந்து கிடந்தது. அதில் மாட்டியிருந்த பலகைக்கு முன்னால் கிளி டீச்சர் வாசிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டே பேர், அணிலும் ஆட்டுக்குட்டியும்.

"ஒவ்வொரு எழுத்தா சத்தமாச் சொல்லி, கூட்டிப் படிக்கணும். ஊகிச்சுச் சொல்றது படிப்பில்லை."

"நா... ய்..." என்று இழுத்தது ஆட்டுக்குட்டி.

வீட்டுக்குள்ளிருந்து நாய் வந்து நின்றது.

"நாய், டீச்சர்" என்றது அணில்.

"பலகையைப் பார்த்துச் சொன்னியா?"

"இல்ல, நாயைப் பார்த்து."

"அப்போ தப்பு."

அணில் மரமேறிவிட்டது. நாய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "அவசரமில்லை. படிக்கிற பிள்ளையைப் பாதியில கடிக்கிறது பாவம்" என்றது.

ஆட்டுக்குட்டி பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி எழுத்துவரை கூட்டி முடித்தது. "நாய் ஜாக்கிரதை!"

நாய் எழுந்து சோம்பல் முறித்தது.

"சபாஷ்." டீச்சரின் குரல் மர உச்சியிலிருந்து வந்தது. "இப்போ அர்த்தம் சொல்லு பார்ப்போம்."