தாழ்வான ஜன்னல்

"உங்கப்பா டூர் கிளம்பறாராமே?"

மாடி வீட்டுக்காரர் கேட்டபோது மகள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினாள்.

அப்பாவும் அவர் ஓட்டிய ஆம்புலன்ஸும் ஒரே மாதத்தில் ரிட்டயர் ஆனார்கள். மற்ற டிரைவர்கள் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்குப் போவார்கள். இவர் வண்டியையே ஏலத்தில் எடுத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இப்போது உள்ளே ஒரு குட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஓரமாக அலமாரி. வெளியே புதுப் பெயிண்ட். முகப்பில் இடவலமாகத் திரும்பியிருந்த ‘ஆம்புலன்ஸ்’ எழுத்துகள் மட்டும் எத்தனை கோட்டிங் அடித்தும் நிழல்போலத் தெரிந்தன.

"சைரனைக் கழட்டிடாதீங்க சார். காய்கறி வாங்கப் போறப்ப வழி விடுவாங்க" என்றார் மாடி வீட்டுக்காரர்.

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே அம்மா படுத்திருக்கிறாள். மாடிப்படியில் சறுக்கி விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சாய்ந்து உட்காரக்கூட முடியாது. துடைத்துவிட, புரட்டிப்போட, தலைவாரிவிட எல்லாம் மகள்தான். இவருக்கு ஊர் சுற்றும் ஆசை கேட்கிறது.

சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"எப்பப்பா கிளம்பறீங்க?"

"பெயிண்ட் காயணும்."

"நல்லாப் போயிட்டு வாங்க. அம்மாவை என் தலையில கட்டிட்டுப் போறோமேன்னு ஒரு நிமிஷமாவது தோணுச்சா?"

அப்பா நிமிரவில்லை. வண்டியின் பக்கவாட்டில் புதிதாக வெட்டிய ஜன்னலுக்கு ரப்பர் பட்டை அழுத்திக்கொண்டிருந்தார். வேறெங்கும் இல்லாத தாழ்வு. வெட்டிக்கொடுத்த வெல்டரே தலையில் அடித்துக்கொண்டுதான் போனார்: "உட்கார்ந்தா உங்க முட்டிதான் வெளியே வேடிக்கை பார்க்கும்."

"அந்த ஜன்னலும் நீங்களும்" என்றாள் மகள்.

"உட்கார்றவங்களுக்கு இல்லம்மா அது."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு படுக்கை. புரண்டு விழாமலிருக்க ஓரத்தில் பஞ்சு வைத்துத் தைத்த தடுப்பு. தலையணை இருக்கும் இடத்துக்கு நேராக ஜன்னல். அளந்து பார்க்க வேண்டியதில்லை. அம்மாவின் உயரம் அவள் கைக்கு மனப்பாடம்.

"அப்பா..."

"விழுந்ததிலேருந்து ஒரே கூரையைத்தானே பார்த்துக்கிட்டிருக்கா."

கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. "இதே வண்டியிலதானேப்பா அன்னிக்கு அவளைத் தூக்கிட்டுப் போனீங்க? மறுபடி ஏறுவாளா?"

அப்பா ரப்பர் பட்டையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குப் பின்பக்கம் எல்லாம் பால் கண்ணாடி. ஒண்ணும் தெரியாது அவளுக்கு. எனக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் திறப்பு வழியா, எங்க வந்துட்டோம், எங்க வந்துட்டோம்னு கேட்டுக்கிட்டே வந்தா. பிஸ்கட் கம்பெனி வாசல்ல நெரிசல்ல மாட்டி நிக்கறோம்னு எப்படிம்மா சொல்றது? பீச் ரோட்டைப் பிடிச்சுட்டேன், இதோ கடல்னு சொல்லிட்டேன். படகு இருக்கான்னா. நீலப் படகு ஒண்ணு நிக்குதுன்னேன். அவ கேட்கக் கேட்க நானும் அடிச்சுவிட்டேன். அதை நம்பித்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. ஒரு தடவையாவது நிஜமாக் காட்டணும்."

மகள் பழைய புடவையைக் கிழித்து அந்த ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்தாள்.

பெயிண்ட் காய்ந்ததும் கிளம்பினார்கள். விடிந்தும் விடியாத நேரம். சைரன் இல்லாமல், அவசரம் இல்லாமல், வண்டி தூக்கத்தில் நடப்பதுபோலப் போனது. முன்னால் போனவர்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேண்டாம், நீங்க போங்க என்று அப்பா கையாட்டிக்கொண்டே வந்தார்.

ஜன்னலில் மரங்கள் வந்தன. கம்பிமேல் குருவிகள் வந்தன. பிறகு சட்டென்று ஒன்றுமே இல்லாமல் வெறும் வெளிச்சம் வந்தது. வண்டி நின்றது.

கடல்.

தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அம்மாவின் படுக்கையே மெல்ல மிதப்பது போலிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு படகுகூட இல்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் தலையைத் திருப்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கும் இந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னாரா?"

மகள் விழித்தாள்.

"பிஸ்கட் வாசனை மூக்கைத் துளைக்குது, மனுஷன் கடல்ங்கறார். பிஸ்கட் கம்பெனி எங்க இருக்கு, கடல் எங்க இருக்கு."

"தெரிஞ்சுமாம்மா, படகு இருக்கா, அது இருக்கான்னு கேட்டுக்கிட்டே வந்த?"

"அவர் குரல் நடுங்குச்சுடி. எத்தனையோ பேரை அசையாம ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அன்னிக்கு ஆடிப்போயிட்டார். பேச்சு நின்னா அழுதுடுவார். கண்ணுல தண்ணி நின்னா ரோடு எப்படித் தெரியும்? அதான் விடாமப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தேன்."

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த சின்னத் திறப்பின் கதவு நகர்ந்தது. அப்பா திரும்பவில்லை. திரும்பிப் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத கழுத்து.

"கடல் தெரியுதா?" என்றார். குரல் லேசாக நடுங்கியது.

அம்மா மகளின் கையை அழுத்தினாள்.

"நல்லாத் தெரியுதுங்க. அந்த நீலப் படகு இன்னும் அங்கேயேதான் நிக்குது."