ஏழாவது கேள்வி

ஆற்றின் உடல்நலப் படிவத்தில் ஏழாவது கேள்வி, 'துர்நாற்றம்: உண்டு / இல்லை'. அதற்குக் கருவி கிடையாது, மூக்குதான். பதினோரு வருடமாக முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாட்டிலை நிரப்பி, முகர்ந்து பார்த்துக் குறிப்பவர் ஆய்வக உதவியாளர் ஞானப்பிரகாசம். கடைசி மூன்று வருடமாக 'இல்லை' என்றே எழுதிவந்தார். ஆறு தேறிவருகிறது என்று அவருக்கே உள்ளூரப் பெருமை. அந்த 'இல்லை'யை வைத்துத்தான் நகரம் 'நலம்பெற்ற நதி' விருதை வாங்கியது. கரையிலேயே பந்தல் போட்டு விழா.

விழாவில் முன்வரிசை முழுக்கக் கைக்குட்டைக்குள் முகம் புதைத்திருந்தது. "நதித்தாய் மணக்கிறாள்!" என்று மூச்சை அடக்கிக்கொண்டு முழங்கிய தலைமைப் பொறியாளர், ஞானப்பிரகாசத்தை மேடைக்கு அழைத்து மாலை போட்டார். போடும்போதே காதருகே பல்லைக் கடித்தார். "யோவ், குடலைப் புரட்டுது. என்ன எழவுய்யா மோந்து பார்த்த?"

"நாறுதுங்களா சார்?"

பொறியாளர் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "விளையாடாதய்யா."

ஞானப்பிரகாசம் மூச்சை ஆழமாக இழுத்தார். ஒன்றுமில்லை. "பால் தீய்ஞ்சு வீடே நாறுது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்களே!" என்று காலையில் மனைவி கத்தியது நினைவுக்கு வந்தது. மாலையைத் தூக்கி மூக்கோடு அழுத்தினார். பிளாஸ்டிக் பூவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

மல்லிகைதான். இதழ்களில் ஈரம்கூடக் காயவில்லை.