அத்தையின் அரை மணி நேரம்

"வாயைத் திறந்தீங்கன்னா கன்னத்துல கோடு விழுந்துடும் அத்தை. அரை மணி நேரம் மூச்சு விடலாம், பேச்சு மட்டும் கூடாது" என்று சொல்லிக்கொண்டே மருமகள் மாமியாரின் முகத்தில் கடைசிப் பூச்சைத் தடவினாள்.

மாமியார் தலையாட்டினார்.

தலையில் டை. டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை. முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஃபேஸ் பேக். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார்ந்த பிள்ளையைப் போல, கழுத்தில் பழைய துண்டோடு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருடம் ரயில் நிலையத்தின் விசாரணை ஜன்னலில் இருந்தவர். கேட்கிறவர் ஊர்ப் பெயரைப் பாதி சொல்வதற்குள் வண்டி, நேரம், நடைமேடை மூன்றையும் சொல்லி அனுப்பிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், வாய் பெறவில்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்ததே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளும் முடிக்கவில்லை. "அத்தை, எனக்கு வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை..." என்று ஆரம்பித்ததுதான்.

"இதைச் சொல்ல இத்தனை தயக்கமா? கெளம்பிடுவோம்! எனக்கு மட்டும் இங்க என்ன வேரா விட்டிருக்கு?"

அப்போதே பரண்மேலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. ஒரு வாரமாக அது நிறைந்துகொண்டே இருந்தது. இன்று காலை டை பாக்கெட்டையும் ஃபேஸ் பேக்கையும் மாமியாரே கடைக்குப் போய் வாங்கிவந்து நீட்டினார். புது ஊரில் இறங்கும்போது, நர்ஸம்மாவின் மாமியார் ஒரு கிழவி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

மீதிப் பாதியைச் சொல்ல மருமகளுக்கு வாய்க்கவே இல்லை.

கணவனைக் கேட்டால், "எங்கம்மாகிட்ட நானா? நீயே சொல்லிடு தாயே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பதில் அனுப்ப நாளைதான் கடைசி நாள்.

அவள் மாமியாரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கடவுளே, வார்த்தை தடுமாறாமல் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"அத்தை, அங்க தர்ற வீட்டுல ஒரே ரூம்தான். புருஷன், பொண்டாட்டி, ஒரு கொழந்தை. அதுக்கு மேல ஆள் தங்க விடமாட்டாங்க. பெரிய வீடு கெடைக்க ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் உங்கள..."

பழக்கத்தில் அங்கேயே நின்றாள். யாராவது குறுக்கே புகுந்து முடித்துவைப்பார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் புகவில்லை. அவளே முடிக்க வேண்டியிருந்தது.

"உங்கள விட்டுட்டுத்தான் போகணும்."

மாமியார் இமைக்கவில்லை.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்பது படிக்கும் காலத்து ஆசை என்பது. கல்யாணத்துக்குப் பிறகு அதைச் சுருட்டி எங்கேயோ வைத்துவிட்டது. வேலை முடிந்து வந்து, அத்தையின் குரல் கேட்காத வீட்டைச் சாவி போட்டுத் திறப்பதை நினைத்தாலே பயமாக இருப்பது. அத்தை வேண்டாம் என்றால் போகமாட்டாள் என்பது. அதை மனசாரத்தான் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை என்பதும்.

மாமியாரின் காதோரம் ஒரு கறுப்புச் சொட்டு இறங்கியது. அவள் எழுந்து ஈரப் பஞ்சால் துடைத்தாள். மாமியார் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். கண்ணோரமும் கொஞ்சம் கரைந்திருந்தது. அதே பஞ்சால் அதையும் ஒற்றி எடுத்தாள். டை எரிகிறதா என்று கேட்கவில்லை.

பேக் காய்ந்து வெளுத்தது. அத்தனைக்கும் அந்த உதடுகள் அசையவே இல்லை.

அரை மணி ஆனது. குழாயடிக்குக் கூட்டிப்போய், குனிய வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். விரலால் அலச அலச முடி கருகருவென்று வந்தது. மாமியார் துவட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"காலைல ஆறு இருபது வண்டி. அதுலயே போங்க. சாயங்கால வண்டின்னா கொழந்தை ராத்திரி பூரா தூங்காது."

"அத்தை..."

"நரை மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கும். நீயும் அதோட எட்டிப் பாத்துட்டுப் போ. உன் புருஷன் கையில டையைக் குடுத்தா செவுத்துக்கு அடிச்சிடுவான்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பெட்டியிலிருந்து தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அந்த இடத்தில் குழந்தையின் சட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தையின் வாயைக் கட்ட இப்படியொரு பொய்யை யோசித்துக் கொடுத்த கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஃபேஸ் பேக்கின் காலி உறையைக் குப்பையில் போட எடுத்தாள்.

உறையின் பின்பக்கம், "முகத்தில் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவவும்" என்று ஒரு வரிதான் இருந்தது.

காலையில் அத்தை நீட்டியபோது அவள் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் என்பதன் கீழே சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டிருந்தது.

எங்கே எந்த நேரத்தை அச்சடித்திருந்தாலும் அப்படிக் கோடு போட்டுப் படிக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.